ரக்பியில் கிளப் மாறவும் நாடு மாறவும்: கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

ரக்பி ஆடும் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் ஒரு குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிளப் மாறுவதையும் நாடு மாறுவதையும் ஒரே விஷயமாக நினைத்துக்கொள்கிறார்கள். பிரான்சில் ஒரு கிளப்பில் சேர்ந்தால் பிரான்சுக்கே ஆடிவிடலாம் என்கிறார் ஒருவர், ஜப்பானுக்குப் போனால் இனி டோங்காவுக்கு ஆடவே முடியாது என்கிறார் இன்னொருவர். இரண்டுமே தப்பு. கிளப் மாறுவது ஒப்பந்தம், கிளியரன்ஸ் (பழைய இடம் தரும் விடுவிப்பு அனுமதி), விசா என்று போகிற வேலை. எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பது நீங்கள் எங்கே பிறந்தீர்கள், அம்மா அப்பா தாத்தா பாட்டி எங்கே பிறந்தார்கள், எத்தனை மாதம் எந்த யூனியனில் (ஒரு நாட்டின் ரக்பி அமைப்பு) இருந்தீர்கள், ஏற்கெனவே யாருடைய சட்டையைப் போட்டு ஆடினீர்கள் என்பதை வைத்து முடிவாவது. ஆட்டத்தின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் விதிப் புத்தகத்தில் முன்னது 4ஆம் விதி, பின்னது 8ஆம் விதி. ஆனால் ஒன்றில் அவசரப்பட்டுப் போடும் கையெழுத்து மற்றதில் பல வருடத்துக்கு ஆளைக் கட்டிப்போட்டுவிடும், அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தெற்கு ஆக்லாந்தில் இருக்கிறேன், எங்கள் பகுதி கிளப்பில் சில சீசன்கள் ஆட்டக்காரர் பதிவு வேலையைப் பார்த்திருக்கிறேன். சமோவா, டோங்கா, ஃபிஜி குடும்பத்துப் பையன்கள்தான் அதிகம். அவர்களில் பலருக்கு இரண்டு மூன்று நாடுகளுக்கு ஆடத் தகுதி இருக்கும், அது அவர்களுக்கே தெரியாது. கீழே சொல்வது எல்லாம் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனுக்கும் அதன் ஏழு பேர் ஆட்டமான செவன்ஸுக்கும்தான். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் வேறு ஆட்டம், வேறு அமைப்பு, அங்கே நாட்டுக்கு ஆடியிருந்தாலும் இங்கே கணக்கில் வராது.

முதலில், எந்தெந்த நாட்டுக்கு ஆடலாம் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிறந்த நாடு, அம்மா அப்பா பிறந்த நாடு, இருபக்கத் தாத்தா பாட்டி நால்வரும் பிறந்த நாடு, ஆக ஏழு பேர். இந்த ஏழு பெயருக்குப் பக்கத்தில் வரும் எந்த நாட்டுக்கும் நீங்கள் ஆடலாம். கொள்ளுத்தாத்தா வரை போகக் கூடாது, அங்கே கோடு போட்டாயிற்று. இந்த வழியில் எதுவும் இல்லையென்றால் ஒரு நாட்டில் தொடர்ச்சியாக 60 மாதம் நிலைத்திருந்து தகுதி பெறலாம், அல்லது விட்டுவிட்டு மொத்தமாக 10 வருடம் வாழ்ந்திருந்தால் பெறலாம். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒலிம்பிக் செவன்ஸுக்கு மட்டும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும்.

60 மாதக் கணக்கைப் பற்றி இன்னும் பழைய பேச்சே ஓடுகிறது. முன்பு 36 மாதம்தான். பண்டி ஆக்கி ஆக்லாந்தில் பிறந்தவர், 2014இல் அயர்லாந்தின் கொனாக்ட் கிளப்புக்குப் போய், 2017 நவம்பரில் அயர்லாந்துக்கு ஆடினார். ஜேம்ஸ் லோ 2017இல் லெயின்ஸ்டருக்குப் போனார், 2020இல் அயர்லாந்துச் சட்டை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த டூஹான் வான் டெர் மெர்வ எடின்பரோ கிளப் வழியாக ஸ்காட்லாந்துக்கு வந்ததும் இப்படித்தான். அந்தக் கணக்கு இனி இல்லை. 2017இல் ஐந்து வருடம் என்று முடிவெடுத்தார்கள், கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய், 2022 ஜனவரி முதல் அதுதான் நடைமுறை. 'மூன்று வருடம் இருந்தால் போதும்' என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் அவர் விதியைப் படித்து வெகுநாள் ஆகிறது என்று அர்த்தம். இன்னொன்று, 60 மாதம் என்றால் தொடர்ச்சியாக. நடுவில் ஒரு சீசன் வேறு நாட்டுக் கிளப்புக்கு லோனில் போய்விட்டு வந்தால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

வாய் வார்த்தை போதாது, காகிதம் வேண்டும்

'எங்கள் பாட்டி அங்கேதான் பிறந்தாங்க' என்று எல்லோரும் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். 2000இல் வேல்ஸில் பெரிய சங்கடம் நடந்தது. ஷேன் ஹோவார்த், பிரெட் சின்கின்சன் என்று நியூசிலாந்திலிருந்து போன இரண்டு பேர் தாத்தா வேல்ஸ்காரர் என்று சொல்லி வேல்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பார்த்தால் ஆதாரம் நிற்கவில்லை, சின்கின்சனின் தாத்தா பிறந்தது இங்கிலாந்தில் ஓல்டம் ஊரில். அதே சமயம் ஸ்காட்லாந்தில் டேவிட் ஹில்டனுக்கும் அதே கதி, எடின்பரோவில் பிறந்ததாக அவர் நம்பியிருந்த தாத்தா பிறந்தது பிரிஸ்டலில்.

அதைவிட வலித்தது ஸ்பெயின் கதை. 2023 உலகக் கோப்பைக்கு அவர்கள் களத்தில் ஆடித் தகுதி பெற்றுவிட்டார்கள். அப்புறம் பார்த்தால், தென்னாப்பிரிக்காவில் பிறந்த கேவின் வான் டென் பெர்க் என்ற ஆட்டக்காரர் நாட்டில் இருந்த காலம் சரியாக நிறையவில்லை, தாக்கல் செய்த பாஸ்போர்ட் நகலே திருத்தப்பட்டிருந்தது. நெதர்லாந்துக்கு எதிராக அவர் ஆடிய இரண்டு ஆட்டத்துக்கும் தலா 5 என்று 10 புள்ளி போயிற்று, 2022 ஏப்ரலில் ஸ்பெயினை வெளியே அனுப்பி ருமேனியாவை உள்ளே எடுத்தார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2019 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றிலும் இதே தகுதி விவகாரத்தில் ஸ்பெயின், ருமேனியா, பெல்ஜியம் மூன்றுமே புள்ளி இழந்து, கடைசியில் ரஷ்யா உலகக் கோப்பைக்குப் போனது. ஒருவரின் தாளில் இருந்த ஓட்டைக்காக அணி முழுக்க நான்கு வருட உழைப்பை இழந்தது. அதனால் சொல்கிறேன், ஒரு ஃபைல் போடுங்கள். ஏழு பேரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் (பாட்டியின் பெயர் மாறியிருக்கும், இரண்டையும் இணைப்பது அதுதான்), பழைய பாஸ்போர்ட் எதையும் தூக்கிப் போடாமல், ஒவ்வொரு சீசனும் எந்த யூனியனில் பதிவு என்ற தாள்.

நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. லண்டனிலோ சிட்னியிலோ ரொறொன்ரோவிலோ பிறந்த பையனின் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றால் அவன் இலங்கைக்கு ஆடலாம், தாத்தா மதுரையில் பிறந்தவர் என்றால் இந்தியாவுக்கு ஆடலாம். ஆனால் சான்றிதழில் தாத்தா பெயர் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், பேரன் பெயரில் இரண்டுமே இருக்காது. மூன்று தலைமுறைக்கும் ஒட்டாத பெயரை ஒரு அதிகாரி எப்படி நம்புவார்? இவர் மகன் இவர் என்று காட்டும் சான்றிதழை ஒவ்வொரு படிக்கும் எடுத்துவையுங்கள், பெயர் வேறுபாட்டுக்கு ஒரு சத்தியப்பிரமாணத்தையும் இணையுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

எந்த ஆட்டம் உங்களைக் கட்டிப்போடும்

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது. ஒரு நாட்டின் முதன்மை அணிக்கு ஆடினால் அந்த நாட்டோடு கட்டுப்பட்டுவிடுவீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்பது பொருட்டே இல்லை என்பதுதான் உறைப்பதில்லை. ஐசா நசேவா ஆக்லாந்தில் பிறந்தவர். 2003 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஃபிஜிக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், சுமார் இரண்டு நிமிடம். அவ்வளவுதான். பிறகு நியூசிலாந்துக்கு ஆட ஆசைப்பட்டுக் கேட்டுப் பார்த்தார், முடியாது என்றுவிட்டார்கள். அயர்லாந்தில் லெயின்ஸ்டருக்குப் போய் ஐரோப்பியக் கோப்பைகளை வென்று, பின்னாளில் கேப்டனாகவும் இருந்தார், ஆனால் அயர்லாந்துக்கும் ஆட முடியவில்லை.

முதன்மை அணி மட்டுமல்ல, யூனியன் தன் 'இரண்டாம் அணி' என்று அறிவித்த ஏ அணியும் கட்டிப்போடும், செவன்ஸ் தேசிய அணியும் கட்டிப்போடும். ஸ்டீவன் ஷிங்லர் கதையைக் கேளுங்கள். அம்மா ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ்காரர். 2012 ஜனவரியில் ஸ்காட்லாந்து அவரை அணியில் எடுத்தது. வேல்ஸ் மறித்தது: இந்தப் பையன் எங்கள் 20 வயதுக்குட்பட்டோர் அணியில் பிரான்சின் அதே வயது அணிக்கு எதிராக ஆடியிருக்கிறான், அப்போது இரண்டு நாடுகளுமே அந்த அணியைத்தான் இரண்டாம் அணி என்று அறிவித்திருந்தன, ஆகவே இவன் வேல்ஸ்காரன். அது செல்லுபடியானது. அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? பின்னர் வேர்ல்ட் ரக்பி விதியைத் திருத்தியது, இப்போது 20 வயதுக்குட்பட்டோர் அணியை இரண்டாம் அணியாக அறிவிக்க முடியாது. அதனால்தான் அயர்லாந்தின் 20 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய பென் ஹீலி, மன்ஸ்டர் கிளப்பிலிருந்து எடின்பரோவுக்கு மாற ஒப்புக்கொண்டு, 2023இல் ஸ்காட்லாந்துக்கு ஆட முடிந்தது, தாய்வழி உறவில் வந்த தகுதி அது.

ஆக, ஏ அணி அழைப்போ செவன்ஸ் அழைப்போ வந்தால் சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லாதீர்கள். யூனியனுக்கு ஒரு மின்னஞ்சல்: 'இந்த ஆட்டம் 8ஆம் விதிப்படி என்னைக் கட்டுப்படுத்துமா?' எழுத்தில் பதில் வரும் வரை பெஞ்சில்கூட உட்காராதீர்கள். பயிற்சியாளர் நல்லவராக இருப்பார், 'ஒன்றும் ஆகாதுடா' என்பார். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

கிளப் மாறும்போது

வேறு யூனியனின் கீழ் ஆடப் போகிறீர்கள் என்றால் பழைய யூனியனின் கிளியரன்ஸ் இல்லாமல் புது யூனியன் உங்களைப் பதிவு செய்யாது. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் மட்டும் என்று நினைக்காதீர்கள், ஞாயிறு வெயிலில் சும்மா ஆடுகிறவருக்கும் இது உண்டு. எங்கள் கிளப்புக்கு ஒரு பையன் வெளிநாட்டில் ஒரு சீசன் ஆடிவிட்டு மார்ச்சில் திரும்பி வந்தான். இங்கேயே பிறந்து எங்கள் கிளப்பிலேயே எட்டு வயதிலிருந்து ஆடியவன், அதனால் கிளியரன்ஸ் வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. முதல் ஆட்டத்துக்கு முந்தைய வியாழன் ராத்திரி பெயரைக் கணினியில் ஏற்றினால் சிவப்பாக நிற்கிறது. அங்கே பழைய கிளப்பில் அந்த வேலையைப் பார்ப்பவர் ஊரில் இல்லை, யாரும் ஒப்புதல் அழுத்தவில்லை. மூன்று சனிக்கிழமை அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து வார்ம்-அப் மட்டும் செய்துவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் தண்ணீர்ப் பாட்டில் தூக்கினான். அன்றிலிருந்து விமான டிக்கெட் எடுக்கும் நாளிலேயே கிளியரன்ஸ் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளியரன்ஸ் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் இவைதான்: பழைய ஒப்பந்தம் முடியவில்லை, தடை ஏதாவது பாக்கி இருக்கிறது, ஒழுங்கு விசாரணை நடக்கிறது. சிவப்பு அட்டைத் தடை நாட்டைத் தாண்டியும் கூடவே வரும், அதை மறைக்கப் பார்க்காதீர்கள். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது போக வேண்டுமென்றால் பழைய கிளப் விட வேண்டும், அதற்கு வழக்கமாகப் பணம் கைமாறும். 17 முதல் 23 வயது வரையானவர் என்றால் வளர்த்துவிட்ட கிளப்புக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை கேட்கும் உரிமையும் இருக்கிறது, அதைப் புது கிளப் கொடுக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் யூனியனில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், பிரிட்டன் என்றால் விசாவுக்கு ரக்பி யூனியனின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும்.

அடுத்து, போகிற இடத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பது. பிரான்சின் முதல்நிலை லீக்கான டாப் 14இல் ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் 23 பேரில் சராசரியாக 16 பேர் இளம் வயதிலேயே பிரான்சில் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். மிச்சம் இருக்கும் ஏழு இடத்துக்குத்தான் உலகமே போட்டி போடுகிறது. ஜப்பான் லீக்கிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை ஜப்பானுக்கு ஆடத் தகுதி உண்டா, வேறு நாட்டுக்கு ஆடியாயிற்றா என்று பார்த்துத் தரம் பிரித்துத்தான் இறக்குகிறார்கள். சம்பளத் தொகையைப் பார்க்கும் முன் 'நான் எந்தக் கணக்கில் வருகிறேன்' என்று கேளுங்கள்.

இனி இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இடம். வேர்ல்ட் ரக்பி விதிப்படி தகுதி இருந்தாலும் வெளிநாட்டு கிளப்பில் ஆடுகிறவரை எடுக்க மாட்டோம் என்று சில யூனியன்கள் தாங்களே வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. நியூசிலாந்து உள்நாட்டு ஒப்பந்தம் உள்ளவர்களைத்தான் எடுக்கும். இங்கிலாந்தும் அப்படித்தான், விதிவிலக்கான சூழ்நிலை தவிர. 2022இல் வாஸ்ப்ஸ் கிளப் திவாலானபோது வேலை இழந்து பிரான்சின் துலூசுக்குப் போன ஜாக் வில்லிஸை அந்த விதிவிலக்கில் எடுத்தார்கள், அவர் அங்கேயே தொடர்ந்ததால் 2023 உலகக் கோப்பையோடு அது முடிந்தது. வேல்ஸில் 60 கேப் (நாட்டுக்கு ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை) இருந்தால்தான் வெளியே போயும் ஆடலாம் என்று இருந்ததை 2023இல் 25ஆகக் குறைத்தார்கள். ஆஸ்திரேலியா 2015இல் வெளிநாட்டில் ஆடிய மேட் கிட்டோ போன்றவர்களுக்காக 60 கேப், 7 வருட சேவை என்று ஒரு வழி திறந்து, பின்னால் தளர்த்தியது. தென்னாப்பிரிக்காவுக்கு இப்போது இந்தத் தடை இல்லை, வெளிநாட்டில் ஆடுகிறவர்களையும் சேர்த்துத்தான் 2019, 2023 இரண்டு உலகக் கோப்பையையும் வென்றது.

சார்ல்ஸ் பியுடாவை நினைத்துப் பாருங்கள். ஆக்லாந்தில் பிறந்த டோங்கா வீட்டுப் பிள்ளை, 17 டெஸ்டில் (முழு சர்வதேச ஆட்டத்தில்) ஆல் பிளாக்ஸ் என்ற நியூசிலாந்து அணிக்கு ஆடியவர். 2015இல் வெளிநாட்டு கிளப்புக்குப் போக ஒப்புக்கொண்டார், அந்த வருட உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. அதன்பின் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஏழு வருடத்தில் எந்த நாட்டுச் சட்டையும் போடாமல் எவ்வளவு ஆட்டம் வீணாய்ப் போனதென்று. 2022இல்தான் டோங்காவுக்கு ஆடினார்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் தேடுங்கள். நாட்டுக்கு ஆட அழைப்பு வந்தால் போக மாட்டேன் என்றோ, போனால் சம்பளத்தில் வெட்டு என்றோ எந்த வடிவத்திலும் எழுதக் கூடாது. 9ஆம் விதி இதை நேராகவே தடுக்கிறது, சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கிய காலத்தில் கிளப் ஆளை விட்டே ஆக வேண்டும். பசிபிக் தீவுப் பையன்களிடம் இதை வாய்மொழியாகக் கேட்பார்கள், தாளில் இருக்காது. அப்படிக் கேட்டால் 'இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஏற்கெனவே ஒரு நாட்டுக்கு ஆடியவர் மாறுவது எப்படி

2000இலிருந்து 2021 முடியும் வரை ஒரு நாட்டுக்கு ஆடினால் அதோடு சரி, ஒலிம்பிக் செவன்ஸ் தகுதிப் போட்டி வழியாகச் சுற்றிப்போகும் ஒரு சந்து மட்டும் இருந்தது. டோங்காவில் பிறந்து ஆல் பிளாக்ஸுக்கு ஆடிய மலகாய் ஃபெகிடோவா அப்படித்தான் 2021இல் மொனாக்கோ போய்ச் செவன்ஸ் ஆடினார். 2021 நவம்பரில் நேர்வழி திறந்தது, 2022 ஜனவரியிலிருந்து அமல். போகிற நாட்டில் நீங்கள் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ பிறந்திருக்க வேண்டும். கடைசியாகப் பழைய நாட்டுக்கு ஆடி 36 மாதம் முடிந்திருக்க வேண்டும். ஆயுளில் ஒரு முறைதான். 60 மாதம் தங்கிய தகுதியை வைத்து இப்படி மாற முடியாது, ரத்த உறவோ பிறப்போ வேண்டும்.

இதனால்தான் 2023 உலகக் கோப்பையில் சமோவா சட்டையில் ஆல் பிளாக்ஸுக்கு ஆடியிருந்த லிமா சொபோவாகாவும் ஸ்டீவன் லுவாடுவாவும் நின்றார்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து கிறிஸ்டியன் லியாலீஃபானோ வந்தார், டோங்காவுக்கு பியுடாவும் ஃபெகிடோவாவும் வாயா ஃபிஃபிடாவும் ஆடினார்கள். எங்கள் கிளப் அறையில் அந்த ஆட்டங்களை விடியற்காலையில் பார்த்த பெரியவர்கள் தேசியப் பாடலுக்கு எழுந்து நின்றதைப் பார்த்தேன். இவ்வளவு காலம் இந்தத் தீவுகள் பிள்ளைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தன, திரும்பி வர ஒரு வழி வைக்க இத்தனை வருடம் ஆனது நியாயமே இல்லை என்பது என் எண்ணம்.

வேலைக்கு வருவோம். முதலில் தேதி. ஜாக் டெம்ப்சி ஆஸ்திரேலியாவுக்குக் கடைசியாக ஆடியது 2019 அக்டோபரில், உலகக் கோப்பையில். கிளாஸ்கோ கிளப்புக்கு மாறினார், தாத்தா வழியில் ஸ்காட்லாந்துத் தகுதி இருந்தது, 2022 நவம்பர் 5 அன்று ஃபிஜிக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு இறங்கினார். 36 மாதம் முடிந்து சில வாரம்தான். இந்தக் காத்திருப்பில் பழைய நாட்டின் ஏ அணிக்கோ செவன்ஸுக்கோ ஒரு ஆட்டம் ஆடினாலும் தேதி அங்கிருந்து மறுபடி தொடங்கும், 'சும்மா உதவிக்கு வா' என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். கிளப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம், அது எந்த நாட்டுக் கிளப்பாக இருந்தாலும் இந்த 36 மாதத்தைத் தொடாது.

அடுத்து, விண்ணப்பம் நீங்கள் போடுவதில்லை, சேரப்போகும் யூனியன் போட வேண்டும். அதனால் அந்த யூனியனில் யார் இதைக் கவனிக்கிறார் என்று தெரிந்துகொண்டு, தேதி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே மேலே சொன்ன ஃபைலைக் கையில் கொடுங்கள். கடைசி ஆட்டத்தின் தேதி, எதிரணி, எந்த நிலை அணி என்று ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், சிறிய யூனியன்களில் இந்த வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார், அவரே ஜெர்ஸிகளை எண்ணுகிறவராகவும் இருப்பார். அதோடு, பயிற்சியாளர் உங்களை உண்மையில் எடுக்க நினைக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் மாறிய பிறகு திரும்பி வர வழி இல்லை. வேர்ல்ட் ரக்பியின் ஒப்புதல் கடிதம் வந்ததும் அதன் நகலை உங்கள் கிளப் மேலாளருக்கும் அனுப்புங்கள், அடுத்த சர்வதேசக் காலத்துக்கு உங்களை விட வேண்டியது இனி அவர்கள் அட்டவணையிலும் ஏற வேண்டும். கடிதம் வரும் வரை புது நாட்டு முகாமில் பயிற்சி எடுக்கலாம், ஆட்ட நாள் பட்டியலில் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.